அந்த 7 நிமிஷம் யாரோடது?

எபிசோடுல பேசினதைக் கொஞ்சம் சுருக்கி, "ம்ம்", "அதாவது", "ஆக்சுவலி" எல்லாத்தையும் வெட்டிட்டு இங்கே எழுத்தா தர்றோம். கேட்க நேரமில்லாதவங்க படிச்சுக்கலாம்.

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி, ராத்திரி பத்தரை மணிக்கு திண்டுக்கல்ல இருந்து அம்மா போன். அந்த நேரத்துக்கு அம்மா கூப்பிடவே மாட்டாங்க. பதறிப்போய் எடுத்தா, "ஏய், உனக்கு ஒரு சுடிதார் பார்த்து வச்சிருக்கேன். இன்னும் 7 நிமிஷம்தான் இருக்காம்டி! எடுக்கவா வேண்டாமா, சீக்கிரம் சொல்லு!"

எங்க அம்மாவைப் பத்தி உங்களுக்குத் தெரியணும். ஜவுளிக்கடையில உட்கார்ந்தாங்கன்னா அம்பது புடவையைப் பிரிச்சுப் போடச் சொல்வாங்க. கடைக்காரர் வாங்கித் தர்ற கலரையும் குடிப்பாங்க. கடைசியில "மனசுக்கு ஒண்ணும் ஒட்டலப்பா"ன்னு சொல்லிட்டு, ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லாம எழுந்து வந்துடுவாங்க. எந்த சேல்ஸ்மேனாலயும் அவங்களை அவசரப்படுத்த முடிஞ்சதில்லை. அப்படிப்பட்ட அம்மாவை, போன் ஸ்கிரீன்ல ஓடுற ஒரு சிவப்பு நம்பர் பதற வச்சிருச்சு.

நான் தூக்கக் கலக்கத்துல "சரிம்மா, எடு"ன்னு சொல்லிட்டேன். சுடிதார் வந்துச்சு. நான் போடவே போடாத ஒரு பிங்க். இன்னைக்கும் டேக் கிழிக்காம அலமாரியில இருக்கு.

இதுல எனக்கு உறுத்துறது அந்த பிங்க் இல்லை. அந்தக் கடிகாரம் எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒண்ணுக்கு நானே கோட் எழுதிக் கொடுத்திருக்கேன்.

டிரஸ்னா உசுரு

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இது "ஷாப்பிங் பண்ணாதீங்க"ன்னு அட்வைஸ் பண்ற எபிசோடு இல்லை. எனக்கு டிரஸ்னா உசுரு. ஞாயித்துக்கிழமை காலையில பாண்டி பஜார் நடைபாதையில வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு ரவுண்டு போறது எனக்குக் கோயிலுக்குப் போற மாதிரி. மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கி, 2023-ல திறந்த அந்த ஆகாய நடைபாதையில நடந்துக்கிட்டே கீழே ரங்கநாதன் தெருவுல நகர்ற தலைகளைப் பார்க்கிறது ஒரு தனி சுகம்.

இந்த ஊர்ல ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு டிரஸ் இருக்கு. மார்கழியில சபாவுக்கு காட்டன் புடவையும் ஆக்ஸிடைஸ்டு ஜிமிக்கியும். கேன்டீன்ல சாப்பிட வர்றவங்ககூட அப்படித்தான் வர்றாங்க! ஜனவரி புத்தகக் காட்சிக்கு கதர் குர்தா, தோள்ல ஒரு துணிப்பை. முதல் நாள் முதல் ஷோவுக்கு ஹீரோ முகம் போட்ட டி-ஷர்ட். 2024 பிப்ரவரியில காமிக் கான் முதல் தடவையா சென்னைக்கு வந்தப்போ, ஒரு மேலங்கி தைக்க நான் டெய்லர் அண்ணன்கிட்ட அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினேன். "இதைப் போட்டுக்கிட்டு எங்கம்மா போவ?"ன்னு கேட்டார். தைச்சும் கொடுத்தார்.

அதனால ஆசைப்படுறது தப்புன்னு நான் சொல்ல வரலை. அந்த ஆசைக்கு அவசரத்தை யார் சேர்த்துவிடுறாங்கங்கிறதுதான் கேள்வி.

நதியா கம்மல்ல இருந்து ஜானு குர்தா வரைக்கும்

சினிமாவைப் பார்த்து டிரஸ் வாங்குறது நம்ம தலைமுறை கண்டுபிடிச்சது இல்லை. 1985-ல "பூவே பூச்சூடவா" வந்தப்போ நதியா கம்மல், நதியா வளையல்னு ஊரெல்லாம் வித்துச்சு. அம்மா அப்போ ஸ்கூல் படிச்சுக்கிட்டிருந்தாங்க. படம் பார்த்து, தோழி காதுல பார்த்து, தாத்தாகிட்ட கேட்டு, அவர் "பொங்கலுக்குப் பார்ப்போம்"னு சொல்லி, பொங்கலுக்குத்தான் கம்மல் வந்துச்சாம். நடுவுல பல மாசம். அந்தக் கம்மல்ல ஒண்ணு இன்னும் அம்மாவோட டப்பாவுல இருக்கு.

என் கதை 2018. அக்டோபர் 4-ஆம் தேதி "96" ரிலீஸ். ஜானுவோட அந்த மஞ்சள் குர்தா ஞாபகம் இருக்குல்ல? நான் அப்போ காலேஜ் கடைசி வருஷம். நவம்பர் 6 தீபாவளி. அதுக்குள்ள தி.நகர்ல அந்த மஞ்சள் தொங்க ஆரம்பிச்சிருச்சு, நானும் ஒண்ணு வாங்கிட்டேன். படத்துக்கும் குர்தாவுக்கும் நடுவுல ஒரு மாசம்.

இப்போ? ரீல்ஸ்ல ஒருத்தங்க ஒரு கோ-ஆர்டு செட் போட்டுட்டு வர்றாங்க. அதுலயே லிங்க் இருக்கு. ஒரு தட்டு, இன்னொரு தட்டு, யுபிஐ பின். ரெண்டு நிமிஷம்.

அம்மாவுக்கு மாசக்கணக்கு, எனக்கு ஒரு மாசம், இப்போ ரெண்டு நிமிஷம். ஆசைக்கும் வாங்குறதுக்கும் நடுவுல இருந்த அந்த இடைவெளி ஒரு சல்லடை மாதிரி. காத்திருக்கும்போதே பாதி ஆசை தானா உதிர்ந்திடும். உதிராம நிக்கிறது எதுவோ, அதுதான் நமக்கு நிஜமாவே வேணும். இந்த இடைவெளியைச் சுருக்குறதுதான் ஷாப்பிங் ஆப்போட வேலை. அதுக்கு இருக்கிற கருவிகள்ல ஒண்ணுதான் கடிகாரம்.

கடிகாரத்துக்குள்ள என்ன இருக்கு?

கொஞ்சம் டெக்னிக்கலா போவோம், பயப்படாதீங்க.

கவுண்ட்டவுன் ரெண்டு வகை. முதல் வகை நிஜமானது. ஆஃபர் இன்னைக்கு ராத்திரி 12 மணிக்கு முடியுதுன்னா, அந்த நேரம் சர்வர்ல பதிவாகி இருக்கும். நீங்க எந்த போன்ல, எத்தனை தடவை திறந்தாலும் அதே 12 மணியை நோக்கித்தான் ஓடும்.

ரெண்டாவது வகையில முடியுற நேரம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நீங்க பக்கத்தைத் திறந்த நொடியில இருந்து 10 நிமிஷம்னு உங்க போன்லயே எண்ண ஆரம்பிக்கும். உங்களுக்கு 7 நிமிஷம் காட்டும்போது, இப்போதான் திறந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு 9 நிமிஷம் காட்டும். சுழியத்துக்கு வந்தா எதுவும் முடியாது. சில இடத்துல அது சத்தமில்லாம மறுபடி ஆரம்பிக்கும். எழுத வேண்டிய கோட் சில வரிகள்தான்.

"இன்னும் 2 மட்டுமே உள்ளது"ங்கிறதும் அப்படித்தான். குடோன் கணக்குல இருந்து அந்த எண் வந்தா, அது தகவல். யாரோ 1-ல இருந்து 5-க்குள்ள ஏதாவது ஒரு எண்ணைக் காட்டச் சொல்லி எழுதி வச்சிருந்தா, அது பொய்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில இந்த ரெண்டாவது வகைக் கடிகாரத்தை எழுதினேன். அதை ஏ/பி டெஸ்ட் பண்ணோம். அதாவது, வர்றவங்கள்ல பாதிப் பேருக்குக் கடிகாரம் இருக்கிற பக்கம், மீதிப் பேருக்கு இல்லாத பக்கம். எந்தப் பக்கம் அதிகமா வாங்குறாங்கன்னு பார்க்கிறது. கடிகாரம் ஜெயிச்சது. டீமுக்கு பிரியாணி ட்ரீட். நானும் ரெண்டு பீஸ் அதிகமா வச்சுக்கிட்டேன். கிராஃப்ல ஏறின அந்தக் கோடு, ராத்திரி பத்தரை மணிக்கு மகளுக்கு போன் பண்ணிப் பதறுற யாரோ ஒரு அம்மாங்கிறது அப்போ எனக்குத் தோணவே இல்லை.

"ரங்கநாதன் தெருவுலயும்தான் 'கடைசி பீஸ்க்கா, இனிமே வராது'ன்னு சொல்றாங்க"ன்னு நீங்க கேட்கலாம். சரிதான், அதுவும் பொய்தான். ஆனா அங்கே நாம திரும்பிப் பத்தடி நடந்தா போதும், அவரே கூப்பிட்டு விலையைக் குறைப்பார். அவர் முகம் நமக்குத் தெரியுது. நேத்து ராத்திரி 11:40-க்கு நாம எந்தக் குர்தாவை மூணு தடவை திறந்து பார்த்தோம்னு அவருக்குத் தெரியாது. ஆப்புக்குத் தெரியும். அங்கே ரெண்டு பேரும் சமமா நின்னு பேரம் பேசுறோம். இங்கே நம்ம சீட்டு மட்டும் திறந்து கிடக்கு.

இதுக்குப் பேர் இருக்கு, விதியும் இருக்கு

இந்த மாதிரி ஏமாத்து வடிவமைப்புக்கு "டார்க் பேட்டர்ன்"னு 2010-ல பேர் வச்சவர் ஹாரி பிரிக்னல்ங்கிற பிரிட்டிஷ் டிசைனர். இந்தியாவுல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல இதுக்கு வழிகாட்டு விதிகள் கொண்டுவந்து, 13 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கு. அதுல முதல் வகையே பொய்யான அவசரம்தான்.

நம்ம ஷாப்பிங்ல அடிக்கடி மாட்டுற மத்த மூணையும் சொல்றேன். ஒண்ணு, நாம கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில நைசா சேர்க்கிறது. ரெண்டு, முதல்ல ஒரு விலை காட்டிட்டு, பணம் கட்டுற பக்கம் வந்ததும் புதுசு புதுசா கட்டணம் முளைக்கிறது. மூணு, வேண்டாம்னு சொல்றதையே அவமானமா ஆக்குறது. "இல்லை, எனக்குப் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம்"னு ஒரு பட்டன் பார்த்திருப்பீங்களே, அதேதான்.

2025 ஜூன்ல, ஆன்லைன் விற்பனைத் தளங்கள் எல்லாம் தங்களைத் தாங்களே சோதிச்சு, மூணு மாசத்துல இதையெல்லாம் நீக்கணும்னு அந்த ஆணையம் அறிவுறுத்துச்சு. நீங்க மாட்டிக்கிட்டா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு, 1915-க்கு கூப்பிடுங்க. அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

என் எக்ஸெல் ஷீட்

அந்த பிங்க் சுடிதார் வந்த வாரம், நான் அலமாரியைக் கட்டில்ல கொட்டி எண்ணினேன். இன்ஜினியர் புத்தி, எக்ஸெல் ஷீட் இல்லாம முடியுமா? மொத்தம் 118. அதுல ஒரு வருஷமா தொடாதது 41. டேக்கோட இருந்தது 9, அதுக்கு மட்டும் 11,340 ரூபாய்.

அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்குப் போட்டேன். வாங்கின விலையைப் போட்ட தடவையால வகுக்கணும், அவ்வளவுதான். 2,400 ரூபாய் ஜீன்ஸை ஏறக்குறைய 160 தடவை போட்டிருக்கேன், தடவைக்கு 15 ரூபாய். பாண்டி பஜார் நடைபாதையில 80 ரூபாய்க்கு வாங்கின ஜிமிக்கி, 2 ரூபாய்கூட வரலை. நடுராத்திரி ஃபிளாஷ் சேல்ல "பாதி விலை"க்கு எடுத்த 1,299 ரூபாய் ஜிகினா டாப், ஒரே ஒரு பார்ட்டிக்குப் போட்டேன். தடவைக்கு 1,299. என் அலமாரியிலேயே காஸ்ட்லியான துணி, நான் பாதி விலைன்னு நினைச்சு வாங்கினதுதான்!

அந்த 9 டேக்கையும் எப்போ ஆர்டர் பண்ணேன்னு தேடிப் பார்த்தேன். ஏழு ராத்திரி பத்து மணிக்கு மேல. ஜானு குர்தா, காமிக் கான் மேலங்கி, சபாவுக்குக் கட்டின புடவை, இதெல்லாம் அந்தப் பட்டியல்ல இல்லை. நடந்து போய், தொட்டுப் பார்த்து, தோழிகிட்ட "நல்லா இருக்கா"ன்னு கேட்டு வாங்கினது எதுவும் டேக்கோட தொங்கலை.

அப்போ என்னதான் பண்றது?

நான் இப்போ பண்ற மூணு விஷயம்.

முதல்ல, கடிகாரத்தைச் சோதிக்கிறது. அதே பக்கத்தை இன்னொரு போன்லயோ, இன்காக்னிட்டோ விண்டோவுலயோ திறங்க. ரெண்டுலயும் ஒரே நேரம் காட்டலைன்னா சந்தேகப்படுங்க. பக்கத்தை மூடித் திறந்ததும் எண்ணிக்கை முதல்ல இருந்து ஆரம்பிச்சா சந்தேகமே வேண்டாம்.

ரெண்டாவது, நமக்குன்னு ஒரு பொங்கல் வச்சுக்கிறது. கூடையில போடுங்க, ஆனா ஒரு ராத்திரி தூங்கி எழுந்துட்டு வாங்குங்க. ஒண்ணு ரெண்டு நல்ல பீஸ் கைவிட்டுப் போகத்தான் செய்யும், எனக்கும் போயிருக்கு. அந்த 9 டேக்கைப் பார்த்தா அது பெரிய நஷ்டம் இல்லை.

மூணாவது, ஆப்போட நோட்டிஃபிகேஷனை அணைச்சிட்டு நாமளா தேடிப் போறது. டிரஸ்ஸை நேசிக்கிறது வேற, ஆர்டர் பண்றது வேற. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நம்ப வைக்கிறவங்களுக்குத்தான் லாபம்.

நான் எழுதின அந்தக் கோட் இன்னும் ஓடுதான்னு எனக்குத் தெரியலை. ஆனா அது எப்படி ஓடும்னு அம்மாவுக்கு மட்டும் உட்கார வச்சு விளக்கினேன். அவங்க பாதி நம்பினாங்க.

போன வாரம் மறுபடியும் ராத்திரி போன். "ஏய், இங்க பாரு, ஒரு புடவைக்கு 3 நிமிஷம்தான் இருக்காம். நீ சொன்னியேன்னு வாங்காம அப்படியே பார்த்துக்கிட்டு இருக்கேன்." நானும் லைன்லயே இருந்தேன். ரெண்டு நிமிஷம். ஒரு நிமிஷம். அம்மா சத்தமா எண்ணினாங்க, அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே சிரிப்பு.

"அடிப்பாவி, மறுபடியும் 10 நிமிஷத்துல இருந்து ஆரம்பிக்குதுடி!"

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே. உங்க அலமாரியில டேக் கிழிக்காம எத்தனை தொங்குதுன்னு எண்ணிட்டு வாங்க.