அருவிக்கரையில் வாங்குகிறார்கள், ஆபீஸில் வாங்கவில்லை!

குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் போனவர்களுக்குத் தெரியும். அங்கே நனையாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த பொருள்! பேரருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தோம். சித்தி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்த நூறு ரூபாய் நோட்டு வாடிய வெற்றிலை மாதிரி துவண்டு கிடந்தது.

"இதை யாரு வாங்குவா, ஏட்டி?" என்றாள் கவலையோடு.

மங்குஸ்தான் பழத்தைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தாள். "நோட்டு எதுக்கு அக்கா? இதுல போடுங்க" என்று ஓர் அட்டையைக் காட்டினாள். புள்ளிக் கோலம் போல் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்த என் போனை அதற்கு நேரே பிடித்தேன். மறுகணம் கூடைக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பெட்டி, எண்பது ரூபாய் வந்துவிட்டது என்று கணீரென்று தமிழில் அறிவித்தது. சித்தி அசந்து போனாள்.

மறுநாள் தென்காசியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் சித்திக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரிலும் அதற்கு ஓர் உடன்பிறப்பு இருக்கும்! கட்டவேண்டிய தொகை இருநூற்று முப்பத்திரண்டு ரூபாய். முதல் நாள் பெற்ற ஞானத்துடன் சித்தி பெருமையாகத் தன் பாங்க் கார்டை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"கார்டெல்லாம் இங்கே வாங்குறதில்லேம்மா. போன்லயும் அனுப்ப முடியாது. ரொக்கமாக் கொண்டாங்க."

வெயிலில் நடந்தோம். முதல் இயந்திரத்தில் பணமில்லை. இரண்டாவதில் ஐந்நூறு ரூபாய் நோட்டுத்தான் வந்தது. அதைக் கொண்டு வந்து நீட்டினால், "சில்லறை இல்லையே, தாயி" என்றார் குமாஸ்தா. சில்லறை மாற்றி வருவதற்குள் ஜன்னல் சாத்தியாகிவிட்டது.

எங்களுக்காவது ஒரு நாள் அலைச்சலோடு போயிற்று. வரிசையில் பின்னால் நின்ற பெண் பீடி சுற்றுகிறவள். தட்டை மடியில் வைக்காத நாளில் அவளுக்குக் கூலி கிடையாது. அன்றைய கூலியும் போய், மறுநாள் கூலிக்கும் ஆபத்து. அவள் கேட்டாள்: "குடுக்கும்போது பாங்கில போடுற சர்க்கார், வாங்கும்போது மட்டும் ஏன் ரொக்கம் கேக்குது?"

நியாயமான கேள்வி அல்லவா? 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கியபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் பாங்க் கணக்கிலேயே போடப்பட்டது. அப்படி வரும் பணத்தைச் சர்க்காருக்கே திருப்பிக் கட்ட, நோட்டாக மாற்றி எடுத்து வா என்றால் எப்படி?

சர்க்காருக்கு இது தெரியாததல்ல. கார்டில் பணம் கட்டுவோரிடம் சர்க்கார் இலாகாக்கள் தனியாகக் கட்டணம் வசூலிப்பதை ஒழிக்க வேண்டும் என்று 2016 பிப்ரவரியிலேயே மத்திய மந்திரி சபை முடிவெடுத்தது. அதே ஆண்டு யூ.பி.ஐ. பிறந்தது. ஆண்டுக்கு ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்கிறவர்கள் யூ.பி.ஐ., ரூபே வசதிகளைத் தந்தே தீர வேண்டும் என்று 2019-ல் சட்டம் வந்தது. 2020 ஜனவரி முதல் அந்த இரண்டுக்கும் வியாபாரியிடம் பாங்குகள் பிடித்து வந்த கட்டணமும் நீங்கியது. 2023-ல் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம், ஆகஸ்டு 15 முதல் எல்லாப் பஞ்சாயத்துகளும் வரி வசூலிலும் மின்னணு முறையைக் கட்டாயம் கையாள வேண்டும் என்றது. பெரிய வியாபாரிக்கும் கிராமப் பஞ்சாயத்துக்கும் உள்ள கட்டாயம், நகரத்து ஆபீஸ் ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் ஏன் கூடாது?

குமாஸ்தா பக்கத்திலும் நியாயம் உண்டு. ஓய்வு பெற்ற ஒருவரிடம் கேட்டேன். "கோலப் பலகை ஒட்டுவது பெரிதல்ல. வந்த பணம் யாருடையது, எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்று அன்று மாலையே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அகப்படுகிறவன் குமாஸ்தாதான்" என்றார். ஆகவே பலகை மட்டும் போதாது. பணம் வந்ததும் பெயரோடு ரசீது வரும் ஏற்பாடும் வேண்டும். அப்படி ரசீது வந்துவிட்டால், "மீதி எட்டு ரூபாயை அடுத்த தடவை வாங்கிக்கோ" என்ற பேச்சுக்கும், மேஜைக்குக் கீழே நீளும் கைக்கும் இடமேது?

கணக்கில் பணம் கழிந்து, அவர்களுக்குப் போய்ச் சேராவிட்டால்? பயப்பட வேண்டாம். ரிசர்வ் பாங்கின் 2019-ஆம் ஆண்டு உத்தரவுப்படி, யூ.பி.ஐ.யில் கடைக்குச் செலுத்தியது இப்படி நின்றுபோனால், ஐந்து நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் நஷ்டஈடு. போனில் வந்த செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று. கார்டு வாங்கு என்பது வேறு. கார்டு மட்டுமே வாங்குவேன் என்பது வேறு. 2021 பிப்ரவரியில் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டாக் கட்டாயமானபோது, அது இல்லாத வண்டிக்கு இரட்டைக் கட்டணம் விதித்தார்கள். அந்தப் பாணி ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தால், போன் இல்லாத பாட்டி என்ன செய்வாள்? அமெரிக்காவில் 2025 மார்ச்சில் ஜனாதிபதி, மத்திய சர்க்காரின் வரவும் செலவும் மின்னணு வழிக்கு மாற வேண்டுமென்று உத்தரவிட்டார். நார்வேயிலோ, ரொக்கம் கொடுப்பவரைக் கடைக்காரர் திருப்பி அனுப்பக் கூடாது என்ற சட்டம் 2024 அக்டோபரில் பலமாக்கப்பட்டது. நமக்கு இரண்டுமே வேண்டும். நம் நோட்டுக்கு 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் பாங்க் சட்டம் காவல் நிற்கிறது. கார்டுக்கும் அப்படி ஒரு காவல் கேட்கிறோம், அவ்வளவுதான்.

மறுநாள் சித்தி சரியாக இருநூற்று முப்பத்திரண்டு ரூபாயை எண்ணிக் கொடுத்து ரசீது வாங்கினாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "அந்தப் பழக்கார அம்மாளை ஒரு நாளைக்கு இங்கே கூட்டிட்டு வரணும், ஏட்டி. இவங்களுக்குச் சொல்லிக் கொடுப்பா!"