சிறவி வேண்டாம்... வீட்டு வான்கோழி போதும்!

ஐப்பசி மழை இறங்கினால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பக்கத்துக் கழுவெளி ஏரிக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குவதும் அதே நேரத்தில்தான். கையில் காசில்லை, கண்ணெதிரே கறி! கண்ணியும் வலையும் எடுக்க வேறென்ன காரணம் வேண்டும்? சிறவிக் குழம்பின் ருசியைப் பேசும் பெரியவர்கள் இன்றும் உண்டு.

ஆனால், இப்போது நிலைமை வேறு. 5,151 ஹெக்டேர் பரப்புள்ள கழுவெளி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வெளியே பிடித்தாலும் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் விடாது. ஒருவேளைக் குழம்புக்கு இது தேவையா?

அமெரிக்காவில் காட்டு வான்கோழியை உரிமம் வாங்கி, சீசனில் மட்டும் சுடலாம். அங்கேயும் நூறு வருடங்களுக்கு முன்பு அது அழியப் பார்த்து, கட்டுப்பாடு போட்ட பிறகே மீண்டது. நம்மூரில் இருப்பது வளர்ப்பு வான்கோழி. அதை வளர்க்கவும் சமைக்கவும் சட்டத்தில் தடையில்லை.

கோழி முட்டை 21 நாளில் பொரியும், வான்கோழிக்கு 28 நாள். குஞ்சுகளுக்குத் தீனியைக் கொத்தத் தெரியாது என்பதுதான் பெரிய தலைவலி. பட்டினி கிடந்தே செத்துப்போகும். தீனித்தட்டில் கலர் கோலிக்குண்டுகளைப் போடுங்கள், கீரையைப் பொடியாக நறுக்கித் தூவுங்கள். பச்சை நிறத்தைப் பார்த்தால் ஓடிவந்து கொத்தும். முதல் 15 நாள், 10 குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை வீதம் ஊட்டிவிடவும் வேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல வேலை! வளர்ந்தபின் பாதித் தீனி கீரையாகவே இருக்கலாம். ஆறு மாதத்தில் சேவல் 7 கிலோ தாண்டும். ஒன்று அறுத்தால் சம்பந்தி வீட்டுக்கும் பங்கு போகும்.

சமையலில் ஒரு விஷயம். இந்தக் கறியில் கொழுப்பு குறைவு. அவசரப்பட்டால் ரப்பர்தான். வெந்நீரில் முக்கி இறகு பறித்து, மஞ்சள் பூசி, தீயில் வாட்டுங்கள். தொடைக்கறியை எலும்போடு நறுக்கி, சின்ன வெங்காயம், கல் உப்பு சேர்த்து குக்கரில் ஏழெட்டு விசில் விடுங்கள். மிளகு, சீரகம், தனியா, சோம்பு, காய்ந்த மிளகாய் வறுத்து அரைத்த மசாலாவும் தேங்காயும் பிறகு சேரட்டும். நெஞ்சுக்கறியைக் குழம்பில் போடாதீர்கள், வறண்டுவிடும். சின்னதாக அரிந்து, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு மிளகு வறுவல் செய்யுங்கள்.

மிச்சக் குழம்பை வீணாக்காதீர்கள். மறுநாள் காலை கேழ்வரகுக் களிக்கு அதுதான் ஜோடி!