பக்கத்துல பார்க் இருக்கா? பாதி நாள் போதும்!

"ம்மா... தீம் பார்க் எப்பம்மா போறோம்?"

முழுப் பரீட்சை முடிந்து, கடைசிக் கேள்வித்தாளை அலமாரி மேல் வீசிய மறு நிமிஷமே பிள்ளைகள் கேட்கிற கேள்வி இதுதான். போதாக்குறைக்கு மதுரையிலிருந்து மச்சினர் குடும்பம், திருநெல்வேலியிலிருந்து அத்தை பிள்ளைகள் என்று மே மாதம் வீடே சத்திரமாகிவிடும். உங்கள் வீடு சென்னையில், அதுவும் ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர்., பூந்தமல்லி பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். "உங்களுக்கென்ன, கூப்பிடு தூரத்துல பார்க்!" என்று பேச்சை ஆரம்பித்து விடுவார்கள்.

உண்மைதான். இஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் குயின்ஸ்லேண்ட், திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா என்று சென்னையைச் சுற்றிப் பூங்காக்களுக்குக் குறைவில்லை.

ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். அரைமணி நேரத் தூரத்தில் குடியிருப்பவரும், ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவரைப் போலத்தான் பார்க்கைச் சுற்றுகிறார். கேட் திறக்கும்போது உள்ளே போய், மூடும்போது வெளியே வருகிறார். "காசு கொடுத்தாச்சு, ஒண்ணு விடக்கூடாது!" என்ற வைராக்கியம். விளைவு? சாயங்காலம் அப்பாவுக்குத் தலைவலி, குழந்தைக்கு வாந்தி, பாட்டிக்குக் கால் வீக்கம். மறுநாள் டாக்டர் வீட்டு வாசல்.

வெளியூர்க்காரர் அப்படிச் சுற்றுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் மறுபடி எப்போது வருவாரோ! உங்களுக்கு அந்த அவசரம் எதற்கு? நாளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். உடம்பு சரியில்லையென்றால் தள்ளிப் போடலாம். அலுப்பு தட்டினால் பாதியிலேயே வீடு திரும்பலாம். பக்கத்தில் இருப்பதன் முழு லாபமும் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

எந்த மாதம், எந்தக் கிழமை?

கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதம் வெளியூர்க்காரர்களுக்கு. உங்களுக்கு ஜனவரி, பிப்ரவரி இருக்கிறது. வெயில் இதமாக இருக்கும், மழையும் விட்டிருக்கும். காணும் பொங்கலன்று மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள். கூட்டத்தில் குழந்தையைத் தேடுவதே வேலையாகிவிடும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த பிறகு வருகிற வார நாட்களில் கூட்டம் மளமளவென்று குறைந்துவிடும். உள்ளூர் விடுமுறை, பரீட்சை முடிந்த மறுநாள் என்று பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒற்றை நாள் லீவுகளைக் குறித்து வையுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளிக்கூட சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். அதனால் கிளம்பும் முன் பார்க்குக்கு ஒரு போன் போட்டு, "இன்னிக்கு ஸ்கூல் குரூப் நிறைய வருதா?" என்று கேட்பதில் தப்பில்லை. அக்டோபர், நவம்பரில் இடி, மின்னல் என்றால் ராட்டினங்களை நிறுத்தி விடுவார்கள். வானம் கறுத்திருந்தால் பேசாமல் வீட்டிலிருங்கள்.

மே மாதம்தான் போயாக வேண்டும் என்றால், கடற்காற்றை நினைவில் வையுங்கள். பகலில் கடலிலிருந்து கிளம்பும் காற்று ஈ.சி.ஆர். பக்கம் முதலில் வந்து வெயிலைத் தணிக்கும். பூந்தமல்லி பக்கம் தாமதமாகத்தான் எட்டிப் பார்க்கும். கடலோரத்தில் வெப்பம் குறைந்தாலும் புழுக்கம் அதிகம், வியர்வை காயாது. எனவே, "இங்க காத்து வருதே" என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

"ரெண்டு தடவை போனா ரெட்டைச் செலவாச்சே?"

நியாயமான கேள்வி. ஒரே மாதத்தில் இரண்டு தடவை போகச் சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒரு பாதி நாள், ஆகஸ்டில் ஒரு பாதி நாள் போதாதா? சில பூங்காக்களில் வார நாள் டிக்கெட் குறைவு. மாணவர் அடையாள அட்டை காட்டினால் சலுகை தருவதும் உண்டு. வருட பாஸ் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். மதியமே கிளம்பி விட்டால் சாயங்கால டிபன், ஐஸ்கிரீம், கூல்டிரிங்ஸ் செலவு மிச்சம். வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களா என்பதை மட்டும் கவுன்ட்டரிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். பெரும்பாலும் விடமாட்டார்கள்.

விருந்தாளிகள் வந்திருந்தால்? எல்லோரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத்தான் திரும்ப வேண்டும் என்று சட்டமா என்ன? பெரிய பிள்ளைகளோடு இரண்டு பேர் சாயங்காலம் வரை இருக்கட்டும். கைக்குழந்தையையும் பாட்டியையும் அழைத்துக் கொண்டு இன்னொருவர் ஒரு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பி விடலாம். வீடு பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வசதி!

யார் எதில் ஏறலாம்?

இதை ராட்டினத்தின் கீழே நின்று முடிவு செய்யாதீர்கள். அங்கே உற்சாகம் கண்ணை மறைக்கும். முதல் நாள் ராத்திரியே வீட்டில் பேசி வையுங்கள்.

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கழுத்து வலி, இடுப்பு வலிக்காரர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்து கொண்டவர்கள் வேகமான ராட்டினங்களில் ஏறவே கூடாது. "சும்மா ஒரே ஒரு தடவை" என்பதெல்லாம் வேண்டாம். திடீரென்று தூக்கி, திடீரென்று இறக்கும்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். நல்ல உடம்பு தாங்கிக் கொள்ளும். பலவீனமான இதயம் தாங்காது.

குழந்தைகளுக்கு உயர அளவு போட்டிருப்பது ஏன் தெரியுமா? உட்காருகிறவரைப் பிடித்து நிறுத்தும் கம்பியும் பெல்ட்டும் அந்த உயரத்துக்கு மேற்பட்ட உடம்புக்கென்று செய்யப்பட்டவை. குள்ளமான குழந்தை அதற்குள்ளிருந்து நழுவி விடலாம். ஹீல்ஸ் செருப்பு போட்டு, நுனிக்காலில் நிற்க வைத்து ஊழியரை ஏமாற்றும் பெற்றோர் உண்டு. ஏமாறுவது ஊழியரல்ல!

2025 மே மாதம் ஈ.சி.ஆர். பூங்கா ஒன்றில் ராட்டினம் உயரத்திலேயே நின்றுபோய், ஏறியிருந்தவர்கள் சில மணி நேரம் தவித்ததும், தீயணைப்பு வீரர்கள் வந்து இறக்கியதும் செய்தியாக வந்தது. அதில் நமக்கும் பாடம் இருக்கிறது. பெரிய ராட்டினத்தில் ஏறும் முன் பாத்ரூம் போய் வாருங்கள். சர்க்கரைக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போட்டு ஏறாதீர்கள். எது நடந்தாலும், ஊழியர் சொல்லும் வரை பெல்ட்டை அவிழ்க்காதீர்கள்.

தலை சுற்றுதா, வயிறு புரட்டுதா?

நம் சமநிலையைப் பார்த்துக் கொள்வது உட்காதில் இருக்கும் ஒரு சின்ன உறுப்பு. ராட்டினம் சுழலும்போது காது ஒன்று சொல்லும், கண் இன்னொன்று சொல்லும். யாரை நம்புவது என்று மூளை குழம்பும். அதன் விளைவுதான் வாந்தி. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இது அதிகம்.

காலையில் இட்லி, இடியாப்பம் போல லேசான டிபன் போதும். பூரி, கிழங்கு, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வெறும் வயிறும் புரட்டும். சுற்றுகிற ராட்டினங்களில் அடுத்தடுத்து ஏறாமல், நடுவில் கால்மணி நேரம் நிழலில் உட்காருங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் அடுத்த ராட்டினம். பஸ் பயணத்துக்குப் போடும் வாந்தி மாத்திரை போட்டுக் கொள்கிறவர்கள் ஜாக்கிரதை! அது தூக்கத்தை வரவழைக்கும். அதைப் போட்டுக் கொண்டு ஸ்கூட்டர் ஓட்டி வீடு திரும்பக் கூடாது. குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

தண்ணீரில் இறங்கும் முன்...

பயப்பட வேண்டிய இடம் ரோலர் கோஸ்டர் மட்டுமல்ல. முழங்கால் ஆழத் தண்ணீரும்தான். சினிமாவில் வருவது போல மூழ்குகிற குழந்தை கையைத் தூக்கி "காப்பாத்துங்க" என்று கத்தாது. சத்தமே இல்லாமல், ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். அதனால் சின்னக் குழந்தை எப்போதும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைத்த வளையம் விளையாட்டுச் சாமான். அது லைஃப் ஜாக்கெட் ஆகாது.

நாலு பெரியவர்கள் இருந்தால் நாலு பேரும் "இன்னொருத்தர் பார்த்துப்பாங்க" என்றிருப்பார்கள். அங்கேதான் ஆபத்து. கால்மணி நேரத்துக்கு ஒருவர் என்று காவல் முறை போட்டுக் கொள்ளுங்கள். அந்த கால்மணி நேரம் போன், செல்ஃபி, அரட்டை எதுவும் கிடையாது. தண்ணீர் குடித்துத் திணறிய குழந்தையை வெளியே எடுத்த பிறகும் இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, சோர்ந்து தூங்கி விழுகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"குளோரின் வாடை தூக்கலா இருக்கு, தண்ணி சுத்தமாத்தான் இருக்கும்" என்று நினைப்பவர்கள் உண்டு. விஷயம் நேர்மாறானது. குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் கலக்கும்போதுதான் அந்தக் கார வாடையும் கண் எரிச்சலும் வருகின்றன. எனவே இறங்கும் முன் ஒரு குளியல், ஏறியதும் ஒரு குளியல் அவசியம். குழந்தைகளை நடுநடுவே பாத்ரூமுக்கு அழைத்துப் போங்கள். குளத்துத் தண்ணீரை விழுங்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள். சில வயிற்றுப்போக்குக் கிருமிகள் குளோரினுக்குக்கூட அசராமல் பல நாள் உயிரோடிருக்கும். காதில் தண்ணீர் போனால் தலையைச் சாய்த்து வடிய விட்டு, துண்டால் ஒற்றினால் போதும். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள்.

நைலான் உடைதான் போட வேண்டும் என்று பார்க்கில் கறார் காட்டினால் கோபப்படாதீர்கள். புடவை, துப்பட்டா, தொளதொள பருத்தி உடைகள் ஈரத்தில் கனத்து, காலைச் சுற்றிக் கொள்ளும். முழுக்கை நைலான் உடை வெயில் காந்தலையும் தடுக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு முக்கியமான சேதி. பன்னிரண்டு மணி வெயிலில் தண்ணீர் விளையாட்டுப் பகுதியின் சிமென்ட் தரை தோசைக்கல்லாகக் கொதிக்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம் இருக்கும். அது புண்ணாகி ஆறாமல் படுத்தும். நனைந்தாலும் கெடாத ரப்பர் செருப்பைக் கழற்றவே கழற்றாதீர்கள். செருப்பு அனுமதிக்காத இடத்தில் நீங்கள் இறங்க வேண்டாம். இன்சுலின் மருந்தைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள், வெப்பத்தில் கெட்டுவிடும்.

வெயில் அடிச்சுட்டா?

தலைவலி, குமட்டல், மயக்கம், அதிக வியர்வை, கால் தசைப் பிடிப்பு... இவை உடம்பு விடுக்கும் முதல் எச்சரிக்கை. நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்.ஸை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி கலக்குங்கள். சரியானாலும் அன்றைக்கு அத்தோடு போதும். நேரே வீடுதான்.

உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, சம்பந்தமில்லாமல் உளறினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்ப வாதம். உயிருக்கே ஆபத்து. உடனே பார்க்கின் முதலுதவி அறைக்குத் தகவல் சொல்லி 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் சீக்கிரம் வாடிப் போவார்கள். முதலிலேயே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இன்னிக்கு வேண்டாம்!

• குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காது வலி
• வீட்டில் யாருக்காவது மெட்ராஸ் ஐ
• ஆறாத புண், தோலில் சொறி, சிரங்கு
• ராத்திரி சரியான தூக்கமில்லை

இதில் ஒன்று இருந்தாலும் பயணத்தை ஒத்திப் போடுங்கள். உங்கள் குழந்தையின் உடம்புக்கும் நல்லது, அதே தண்ணீரில் இறங்கப் போகும் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் நல்லது. முன்கூட்டியே டிக்கெட் எடுப்பவர்கள், தேதி மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

பையில் இருக்கட்டும்

• தண்ணீர் பாட்டில், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்
• வழக்கமான மாத்திரைகள், ஆஸ்துமாக்காரர்களுக்கு இன்ஹேலர்
• சர்க்கரைக்காரர்களுக்குக் குளுக்கோஸ் அல்லது மிட்டாய்
• தொப்பி, மாற்று உடை, இரண்டு துண்டு, ரப்பர் செருப்பு
• பிளாஸ்திரி, பஞ்சு
• குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு

வெளிச் சாப்பாடு அனுமதிக்காத பூங்காக்கள் பல உண்டு. மருந்தும், கைக்குழந்தைக்கான உணவும் கொண்டு போகலாமா என்று முன்பே கேட்டுக் கொள்ளுங்கள்.

காலையில் கேட் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் பெரிய ராட்டினங்களை முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் தண்ணீரில் ஆடிவிட்டு, இரண்டு மணிவாக்கில் கிளம்பினால் போதும். வீட்டுக்கு வந்து குளித்து, ஒரு தட்டு தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்தால் வருகிற தூக்கம் இருக்கிறதே... அடடா! "அந்தப் பெரிய ராட்டினத்துல ஏறவே இல்லையே" என்று சின்னவன் சிணுங்குவான். சிணுங்கட்டும். "அது எங்கடா ஓடிப் போகுது? அடுத்த தடவை முதல்ல அதுதான்!" என்று சொல்லுங்கள்.