தூண்டாமணி விளக்கு: பழுதும் பரிகாரமும்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் சௌமஹல்லா அரண்மனைக்கு அழைத்துப் போகிறோம். தர்பார் மண்டபத்தின் 19 படிகச் சரவிளக்குகளை அண்ணாந்து பார்த்து வியக்கிறோம். அந்த அரண்மனையைப் புதுப்பித்த பணிக்கு 2010இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் விளக்கையும் ஒருமுறை இறக்கிப் பார்க்கலாமே என்பதற்கே இக்கட்டுரை.

எங்கள் பரணில் கிடந்தது, அம்மா நாகர்கோவிலிலிருந்து கொண்டுவந்த தூண்டாமணி விளக்கு. சங்கிலியில் தொங்கும் பித்தளை விளக்கு. அகலின் நடுவே, எண்ணெய் நிரப்பிக் கவிழ்த்த குடுவை. அகலில் எண்ணெய் குறையக் குறைய அதுவே சொட்டி நிரப்பும். எங்கள் விளக்கோ ஒருநாள் சொட்டாது. மறுநாள் வழிந்து தரையெல்லாம் பிசுக்கு. "பேசாம பல்பு மாட்டிடுங்க சார்" என்றார் எலெக்ட்ரீஷியன். பழைய பாத்திரக்காரர் எடை போடத் தயாராக இருந்தார். அம்மாவுக்குத்தான் மனசு வரவில்லை.

இதன் சூட்சுமம் காற்றில் இருக்கிறது. வீட்டில் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைக்கிறோமே, அதே கணக்கு. குடுவையின் வாய் அகல் எண்ணெயில் மூழ்கியிருக்கும்வரை உள்ளே காற்று புகாது. வெளிக்காற்றின் அழுத்தம் எண்ணெயைத் தாங்கி நிற்கும். மட்டம் இறங்கி வாய் தெரிந்ததும் ஒரு குமிழி உள்ளே போகும்; அந்த அளவு எண்ணெய் கீழே வரும்.

ஆகவே, வாய் அடைத்தால் சொட்டாது. குடுவையின் மேல்பக்கம் ஊசித்துளை விழுந்தால், அதன்வழி காற்று புகுந்து எண்ணெய் முழுதும் வழிந்துவிடும்.

எங்கள் விளக்கில் இரண்டுமே இருந்தன. சலவை சோடா கலந்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வாய் பெரிதாகிவிடாமல் மெல்லிய கம்பியால் பிசுக்கை எடுத்தேன். பிறகு பஞ்சர் கடையில் டியூபைப் பார்ப்பதுபோல், குடுவையை வாய் கீழே இருக்கும்படி வாளித் தண்ணீரில் அமுக்கினேன். தலைப்பக்கம் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. பேகம் பஜாரில் ஒருவர் ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தார்.

அப்படியும் கார்த்திகைக் குளிரில் மறுபடி நின்றுபோயிற்று. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நாகர்கோவிலில் அந்தத் தொல்லை இல்லை. ஹைதராபாத்தின் டிசம்பர் இரவுகள் 15 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. நல்லெண்ணெய் ஊற்றினோம். "ஊரு மாறினா விளக்குக்கும் எண்ணெய் மாத்தணும் போல" என்று அம்மா சிரித்தார்.

அன்றிரவு என் மகள் விளக்கடியில் உட்கார்ந்து, 'களுக்' சத்தத்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விளக்கு இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள்.