நடந்துவிட்டான், இன்னும் பேசவில்லை: பொறுத்திருப்பதா, போய்க் காட்டுவதா?

எங்கள் இளைய மகன் முதல் அடி எடுத்து வைத்தபோது அவனுக்கு 14 மாதம். சோபா நுனியிலிருந்து ஐஸ் பெட்டியை நோக்கி நான்கு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. தனக்குத்தானே கைதட்டிக்கொண்டான். அந்தக் காணொளி அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றி, ஜொகூரில் இருக்கும் என் அத்தை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

எங்களுக்கு அது பெரிய நிம்மதி. மூத்தவள் பத்தரை மாதத்தில் நடந்தவள். இவனோ 12 மாதம், 13 மாதம் ஆகியும் தவழ்ந்துகொண்டே இருந்தான். காலில் பலம் இல்லையோ என்று எண்ணெய் தேய்த்து நீவிவிட்டோம். கோயிலுக்கு நேர்ந்துகொண்டதும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனைவியின் முகம் வாடிவிடும்.

இப்போது யோசித்துப் பார்த்தால், கவலைப்படத் தேவையில்லாத ஒன்றுக்கு மூன்று மாதம் கவலைப்பட்டிருக்கிறோம். கவனிக்க வேண்டிய ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். அவன் நடந்துவிட்ட சந்தோஷத்தில், அவன் பேசவில்லை என்பது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நடைக்கு அவசரம் வேண்டாம்

உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நல்ல ஆரோக்கியத்துடன் வளர்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ஆம் ஆண்டில் ஓர் அளவீட்டை வெளியிட்டது. பிடித்துக்கொள்ளாமல் தனியாக நடக்கும் வயது, எட்டு மாதத்தைச் சற்றுத் தாண்டியதிலிருந்து ஏறக்குறைய பதினேழரை மாதம் வரை நீள்கிறது. இடையில் ஒன்பது மாத வித்தியாசம்! இதில் முந்தியவர் கெட்டிக்காரர், பிந்தியவர் மந்தம் என்று எதுவும் இல்லை. நூற்றில் நான்கு குழந்தைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆகவே 'தவழாமல் நடந்தால் ஆகாது' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடுங்க வேண்டாம்.

18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மற்றக் கையை அப்படியே விட்டுவைக்கும் குழந்தையையும், முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றை இப்போது செய்யாத குழந்தையையும், வயதுக் கணக்குப் பார்க்காமல் கொண்டுபோக வேண்டும்.

வாக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்களும் வாங்கினோம், யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த இன்னொன்றும் வீட்டில் இருந்தது. குழந்தையை உள்ளே உட்காரவைத்து உருளவிடும் இந்தச் சாதனம் நடை பழக உதவுவதில்லை. குழந்தை நுனிக்காலால் தள்ளுகிறதே தவிர, தன் எடையைத் தாங்கி நிற்கப் பழகுவதில்லை. படிக்கட்டில் உருண்டு விழுவதும், எட்டாத உயரத்தில் இருந்த சுடுதண்ணீரைக் கைநீட்டி இழுப்பதும் இதனால்தான் நடக்கின்றன. கனடா 2004-இல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் தாத்தாக்கள் காலத்து மூன்று சக்கர மர நடைவண்டி வேறு வகை. அதில் குழந்தை எழுந்து நின்று, தானே தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கவலையும் இந்த வயதில்தான் தொடங்கும். முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்காகும் குழந்தை, இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைவது இயல்பு. சோறு இறங்கவில்லையே என்று பால் புட்டியை நிரப்பிக் கொடுத்தால், வயிறு பாலிலேயே நிறைந்து சோறு இன்னும் இறங்காது.

பேச்சுக்கு முன்னால் விரல்

பேச்சு விஷயம் இப்படி அல்ல. இதிலும் குழந்தைக்குக் குழந்தை வித்தியாசம் உண்டு என்றாலும், 'தானாக வரும்' என்று விட்டுவைக்கும் காலம் குறைவு.

ஒரு வயதை ஒட்டி அர்த்தத்தோடு ஒன்றிரண்டு சொல் வரும். ஒன்றரை வயதில் அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது எதிர்பார்க்கலாம். இரண்டு வயதில் 'பால் வேணும்', 'தாத்தா போ' என்று இரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்க வேண்டும். உச்சரிப்பு மழலையாக இருந்தால் பரவாயில்லை. ஒரே பொருளுக்கு ஒரே சத்தத்தை எப்போதும் சொன்னால் அதுவும் சொல்தான்.

சொல்லைவிட முன்னால் கவனிக்க வேண்டியது விரலை. வானத்தில் விமானம் போகும்போது குழந்தை சுட்டுவிரலை நீட்டி, பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? 'நீயும் பார்' என்று அது சொல்லாமல் சொல்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? கை காட்டாமல் 'பந்தை எடுத்துட்டு வா' என்றால் புரிகிறதா? பேச்சு சற்றுப் பிந்தினாலும் இவை இருந்தால் நல்ல அடையாளம். இவையும் இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

நம் நாட்டில் பிள்ளை பிறந்ததும் கிளினிக்கில் கொடுக்கும் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் இந்தக் கேள்விகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தப் புத்தகம் ஊசிக்கு மட்டும்தான் அலமாரியை விட்டு வெளியே வரும். 18 மாதத்திலும் மறுபடி 3 வயதிலும், எம்-சாட் என்ற கேள்விப் பட்டியலைப் பெற்றோர் நிரப்ப வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்று குறித்தால் போதும். ஆட்டிஸம் இருக்கக்கூடுமா என்று தொடக்கத்திலேயே சல்லடை போட்டுப் பார்ப்பதற்கான பட்டியல் அது. அதில் ஏதாவது தட்டுப்பட்டால் ஆட்டிஸம் என்று முடிவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இன்னும் விவரமாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

18 மாத ஊசிக்கு மகனைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். அன்று வேலைக்கு அரை நாள்தான் விடுப்பு. தாதி பட்டியலைக் கையில் கொடுத்தார். நான் நின்றுகொண்டே, கேள்வியை முழுதாகப் படிக்காமல், வரிசையாக நல்ல பதிலாகவே குறித்துக் கொடுத்துவிட்டேன். சுட்டிக் காட்டுவானா? காட்டுவானாக்கும். கூப்பிட்டால் திரும்புவானா? ஏன் திரும்பாமல்? என் மகன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று நானே சான்றிதழ் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினேன். இதில் வேறு யார் மேலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆயாக் கொட்டகையின் காது

மனைவிக்கு மனதில் உறுத்தல் இருந்தது. 'என்னங்க, இவன் வயசுல பெரியவ எவ்வளவு பேசினா' என்பாள். ஆண் பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்று ஒருவர் சொன்னார். உன் சித்தப்பா நான்கு வயதில்தான் வாயைத் திறந்தான் என்று இன்னொருவர். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். கேட்க இதமாக இருந்தது.

தீபாவளிக்கு என் அம்மா வந்தார். தோட்டத்தில் இருந்த காலத்தில் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். பால்மரம் சீவப் போன தாய்மார் விட்டுச்சென்ற கைக்குழந்தைகளை விடியற்காலையிலிருந்து பார்த்துக்கொண்டவர். மூன்று நாள் பேரனோடு இருந்துவிட்டு, நான்காம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

'டேய், முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டா வர்றான். முதுகுக்குப் பின்னால கூப்பிட்டா வரமாட்டேங்கிறான். காது ஒழுங்காக் கேக்குதான்னு பாத்தியா?'

கிளினிக்கில் விசாரித்து, கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போனோம். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. சளி பிடித்து விட்டுவிட்டு வரும் சின்னப் பிள்ளைகளுக்கு இது சாதாரணமாக வரும் என்று மருத்துவர் சொன்னார். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழ் வடியாது. அதனால் பெற்றோருக்குத் தெரியாது. தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டு வெளியில் பேசுவதைக் கேட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் பிள்ளைக்குக் கேட்கும். பெரிய சத்தம் கேட்டுவிடும். பேச்சில் உள்ள மெல்லிய ஒலிகள்தான் தப்பிப் போகும். பட்டாசுக்குத் துள்ளியவன் பாட்டியின் குரலுக்குத் திரும்பாமல் இருந்தது அதனால்தான். பிறந்தவுடன் செய்த காதுப் பரிசோதனையில் அவன் தேறியவன்தான். ஆனால் அந்தப் பரிசோதனை அன்றைய நிலையைத்தான் சொல்லும்.

பெரும்பாலும் இந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும் என்பதால் காத்திருந்து மறுபடி சோதித்தார்கள். அவனுக்கு வற்றவில்லை. செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்தார்கள். வீடு திரும்பிய மறுநாள், மழை தகரக் கூரையில் விழும் சத்தத்துக்கு அவன் மேலே பார்த்தான். மனைவி சமையலறையில் போய் அழுதாள்.

எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றுக்குக் காது, ஒன்றுக்கு ஆட்டிஸம். இன்னொன்று காரணமே இல்லாமல் பிந்தி, பிறகு தானே எட்டிப் பிடித்துவிடும். எது எது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. பேச்சு பிந்தும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் காதைச் சோதித்துவிடுவது நல்லது.

மூன்று மொழி குற்றவாளியா?

நம் வீடுகளில் இன்னொரு சமாதானமும் உண்டு. வீட்டில் தமிழ், பார்த்துக்கொள்ளும் மாக்சிக்கிடம் மலாய், தொலைக்காட்சியில் ஆங்கிலம். பிள்ளை குழம்பிப்போய்ப் பேசாமல் இருக்கிறது, எனவே தமிழை நிறுத்திவிடுவோம் என்பது. பல மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். வீட்டில் 'பால்' என்றும் மாக்சிக்கிடம் 'சூசு' என்றும் சொன்னால் அது இரண்டு சொல். பாட்டிக்கு நன்றாக வருவது தமிழ் என்றால், பாட்டி தமிழிலேயே பேசட்டும். தனக்குத் திணறும் ஆங்கிலத்தில் பேசினால், நான்கு வார்த்தைக்கு மேல் பேச்சு ஓடாது. பிள்ளைக்குத் தேவை நீண்ட பேச்சு.

கைப்பேசி அதைத் தருவதில்லை. அது பேசும், ஆனால் பதிலுக்குக் காத்திருக்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. எங்கள் வீட்டில் சோறு ஊட்டும்போது கைப்பேசியை நிறுத்தியது பெரிய போராட்டம். முதல் வாரம் பாதிச் சோறு தரையில்தான் கிடந்தது. இரண்டாம் வாரம் வாசலில் உட்கார்ந்து, போகிற மோட்டார் சைக்கிள்களை எண்ணிக்கொண்டே ஊட்டினோம்.

பேச்சுப் பயிற்சியாளர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே போன்றதுதான். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதன் பேரைச் சொல்லுங்கள். கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணி, அதற்கு ஒரு முறை கொடுங்கள்.

ஐஸ் பெட்டிக் கதவில் மனைவி ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். அவன் சொல்லும் ஒவ்வொரு புதுச் சொல்லையும் தேதியோடு எழுதுகிறாள். குழாய் வைத்த மாதத்தில் அதில் ஏழு சொல் இருந்தது. இப்போது இரண்டாவது தாளும் நிறையப் போகிறது. தமிழ், மலாய், ஆங்கிலம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. நேற்று எழுதியது 'அப்பா போ'. வேலை முடிந்து வந்ததும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குக் கிடைத்தது அது.