குற்றப் பதிவை விலக்க யார் பணம் கட்டுவது?

தண்டனையை அனுபவித்து, அபராதத்தையும் கட்டி முடித்த பிறகும் காவல்துறை ஆவணத்தில் பெயர் நிற்பதால் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அலைபவர்களுக்காக, சில ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்தோரின் குற்றப் பதிவைப் பிறர் பார்வையிலிருந்து விலக்கிவைக்கும் சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. அதற்காகும் செலவு யாருடையது என்ற கேள்விக்குக் கனடா பத்தாண்டுக்குள் இரண்டு நேரெதிர் விடைகளைச் சொல்லியிருக்கிறது.

அங்கே இப்பணியைச் செய்வது, கைதிகளை நிபந்தனையோடு முன்கூட்டியே விடுவிப்பது பற்றி முடிவெடுக்கும் பரோல் வாரியம். 2010 வரை 50 டாலராக இருந்த விண்ணப்பக் கட்டணம் அவ்வாண்டின் இறுதியில் 150 ஆகி, 2012 பிப்ரவரியில் 631 ஆனது. ஒரு சேவைக்கு ஆகும் செலவு முழுவதையும் அதைப் பெறுபவரிடமே வசூலிக்கும் ‘செலவு மீட்பு’க் கொள்கையே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பின்னர் கட்டணம் விலைவாசிக் குறியீட்டோடு பிணைக்கப்பட்டதால் 2021இல் அது 657.77 டாலரை எட்டியது. கைரேகை பதிவதற்கும், நீதிமன்ற ஆவணத்துக்கும், உள்ளூர்க் காவல்துறைச் சான்றுக்கும் ஆகும் பணம் இதில் சேராது. வேலை கிடைப்பதற்காகப் பதிவை விலக்கக் கோருபவர், வேலையில்லாத நிலையிலேயே இவ்வளவையும் புரட்ட வேண்டியிருந்தது.

இக்கொள்கை கணக்குப் புத்தகத்தில் நேர்மையாகத் தோன்றினாலும், பயனாளி விண்ணப்பதாரர் ஒருவரே என்ற அதன் அடிப்படை பிழையானது; அவர் வேலைக்குப் போனால் வரி பெறுவதும், உதவித்தொகைச் செலவு குறைவதும் அரசுக்குத்தான். 2022 ஜனவரி 1 முதல் கட்டணம் மீண்டும் 50 டாலராகக் குறைக்கப்பட்டு, மீதிச் செலவு பொது நிதியின் பொறுப்பாயிற்று. கஞ்சா வைத்திருந்ததற்காக மட்டும் தண்டிக்கப்பட்டோருக்கு 2019லேயே கட்டணம் நீக்கப்பட்டிருந்தது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் சிக்கல் வேறு விதமானது. அங்கே சட்டம் வகுத்த 550 டாலரில் 250 மாநிலக் காவல்துறையின் குற்றப்பதிவுப் பிரிவுக்கும், 200 நீதிமன்ற எழுத்தருக்கும், தலா 50 ஷெரிப்புக்கும் அரசு வழக்கறிஞருக்கும் போகும்படி பங்கிடப்பட்டது. பங்கு பெறும் அலுவலகங்கள் நான்கு என்பதால், கட்டணத்தைக் குறைக்கும் யோசனை எழும்போதெல்லாம் நான்கு வரவு செலவுக் கணக்குகளுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும்.

விண்ணப்பமே தேவைப்படாவிட்டால் கட்டணத்துக்கும் இடமில்லை. பென்சில்வேனியா 2018இல் இயற்றிய ‘கிளீன் ஸ்லேட்’ சட்டம், தகுதியுள்ள பதிவுகளைக் கணினியே கண்டறிந்து மூட வழிசெய்தது; 2019 ஜூனில் பணி தொடங்கியபின் ஓராண்டுக்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் மூடப்பட்டன. ஆயினும் நீதிமன்ற அபராதமோ செலவுத்தொகையோ பாக்கி வைத்திருந்தவர்களைக் கணினி தொடக்கத்தில் ஒதுக்கியே விட்டது. அந்தத் தடையை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அகற்றியது. பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டை மட்டும் முதலில் செலுத்தியாக வேண்டும் என்ற நிபந்தனை நீடிக்கிறது.