கோட்டை 1974... கேப்ஷன் 1799! பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு போட்டோகிராஃபி பாடம்

இன்ஸ்டாகிராம்ல 'பாஞ்சாலங்குறிச்சி'ன்னு தேடிப் பாருங்க. கோட்டை வாசல், அதுக்கு முன்னாடி ஒரு செல்ஃபி, பின்னணியில சிவாஜி வசனம். கீழே கேப்ஷன்: 'கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டை'. லைக்ஸ் குவியும்.

ஒரே ஒரு சிக்கல். அந்தக் கோட்டை கட்டப்பட்டது 1974-ல். கலைஞர் முதல்வரா இருந்தப்போ தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை அது. கட்டபொம்மன் வாழ்ந்தது மண் கோட்டையில. 1799-ல் கும்பினிப் படை அதைப் பிடிச்சது. அக்டோபர் 16-ம் தேதி கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டாங்க. 1801-ல் பாளையங்கோட்டை சிறையிலிருந்து தப்பிவந்த ஊமைத்துரை கோட்டையை மறுபடியும் எழுப்பினார். அதையும் அந்த வருஷம் மே மாசமே பிடிச்சு, தரைமட்டம் ஆக்கிட்டாங்க. மிஞ்சியிருக்கிற அடித்தளத் தடங்கள் இப்போ தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கு. செல்ஃபி எடுக்கிற நிறைய பேர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை.

அப்போ உங்க படம் பொய்யா? படம் பொய் இல்லை. கேப்ஷன்தான் பொய்.

டிராவல் போட்டோகிராஃபி வொர்க்‌ஷாப்களுக்கு இப்போ நல்ல மவுசு. ரெண்டு மூணு நாள் டூர், கூடவே ஒரு மென்ட்டார், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு. காசு கட்டிப் போகலாமா, போனா என்ன கத்துக்கணும்னு யோசிக்கிறவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பாடம் படிக்க ஊட்டி, ஹம்பின்னு எங்கேயும் போக வேண்டாம். 'வியூ பாயின்ட்'னு சொல்லிக்க எதுவுமே இல்லாத இந்தக் கரிசல் காடுதான் அதுக்கு சரியான இடம். அழகான இடத்துல கேமரா பாதி வேலையைச் செஞ்சிடும். இங்கே கதையை நீங்கதான் தேடணும்.

கரிசல் மண்ணும் கேமராவின் குழப்பமும்

முதல்ல டெக்னிக்கலா ஒரு விஷயம். ஃப்ரேம் முழுக்கக் கரிசல் மண் இருக்கிற மாதிரி போன்ல ஒரு படம் எடுங்க. மண் கறுப்பா வராது, வெளிறிப்போன சாம்பல் நிறத்துல வரும். மேலே கொஞ்சம் வானம் தெரிஞ்சா அது வெள்ளைத் தாள் மாதிரி ஆகிடும். போன் ரிப்பேர் இல்லை. எதைக் காட்டினாலும் அதோட வெளிச்சம் சராசரியா, ஒரு நடுத்தர சாம்பல் அளவுல இருக்கும்னு கேமரா நினைச்சுக்கும். கறுப்பைக் காட்டினா 'இருட்டா இருக்கே'ன்னு வெளிச்சத்தை ஏத்தும். வெள்ளையைக் காட்டினா குறைக்கும்.

தீர்வு சிம்பிள். திரையில மண்ணைத் தொட்டு அழுத்திப் பிடிச்சா ஃபோகஸும் எக்ஸ்போஷரும் லாக் ஆகும். பக்கத்துல வர்ற சூரியன் மாதிரி குறியைக் கொஞ்சம் கீழே இழுங்க. பெரும்பாலான போன்கள்ல இந்த வசதி இருக்கு. மண் கறுப்பாகும், வானத்துல மேகம் தெரிய ஆரம்பிக்கும். இதே மாவட்டத்துல தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனீங்கன்னா இதுக்கு நேர் எதிர். உப்புக் குவியல் சாம்பலா வரும், அங்கே மேலே இழுக்கணும். ஒரு நாள்ல ரெண்டு இடத்தையும் பார்த்தா எக்ஸ்போஷர் பாடத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டீங்க. எந்த யூடியூப் வீடியோவும் இவ்வளவு சீக்கிரம் இதைப் புரியவைக்காதுங்கிறது என் கருத்து.

நேரம் ரொம்ப முக்கியம். இந்தப் பக்கம் காலை ஒன்பது மணிக்கே வெயில் நெத்தியில அடிக்கும், முகத்துல கண்குழி கறுப்பாகிடும். அதனால விடியற்காலையும் சாயங்காலமும்தான் வெளியில் வேலை. மலை மறைக்காத சமவெளி என்பதால சூரியன் தொடுவானம் வரைக்கும் இறங்குறது தெரியும். கயத்தாறு பக்கம்னா காற்றாலைகளும் ஃப்ரேமுக்குள் வந்து நிற்கும். மதிய வெயில்ல கூரைக்குள்ள போயிடுங்க. ஜன்னல், கதவு வழியா வர்ற வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் ஒருத்தரை உட்காரவெச்சு எடுத்துப் பாருங்க, எந்த ஃபில்டரும் தேவைப்படாது. ஆளை எடுக்கும்போது 0.5 வைட் வேண்டாம். ஃப்ரேம் ஓரத்துல இருக்கிற முகம் இழுத்துவிட்ட மாதிரி ஆகும்.

எந்த மாசம் போறதுங்கிறதும் கதையை மாத்தும். வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம்னு விதைக்கிற மானாவாரி பூமி இது. கார்த்திகை, மார்கழியில பச்சை. தை, மாசியில அறுவடை. அதுக்கப்புறம் விளாத்திகுளம் பக்கம் களத்துல மிளகாய் வத்தல் காயும்: கறுப்பு மண்ணுல ஒரே சிவப்பு. கோடையில பூமி பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். வெடிச்ச நிலத்தைப் பார்த்ததும் 'வறட்சி'ன்னு கேப்ஷன் எழுதக் கை துறுதுறுக்கும். அவசரப்படாதீங்க. ஈரம் பட்டா உப்பி, காய்ஞ்சா சுருங்கி வெடிக்கிறது கரிசல் களிமண்ணோட இயல்பு. நல்ல மழை பெய்ஞ்ச வருஷமும் சித்திரையில அது வெடிக்கத்தான் செய்யும்.

ஏழு படத்துல ஒரு கதை

'விஷுவல் ஸ்டோரிடெல்லிங்'னு வொர்க்‌ஷாப் போஸ்டர்ல எல்லாரும் போடுறாங்களே, அது என்ன? ஒரு படம் ஒரு வாக்கியம்னா, படங்களை வரிசையா அடுக்கி ஒரு பத்தி எழுதுறது. அதுக்கு உலகம் முழுக்கக் காட்டுற உதாரணம், 1948-ல் 'லைஃப்' பத்திரிகையில் வந்த 'கன்ட்ரி டாக்டர்'. யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் கொலராடோ மலைப்பகுதியில் ஒரு கிராமத்து டாக்டர் கூடவே 23 நாள் சுத்தி எடுத்தது. டாக்டர் தன்னைக் கண்டு கூச்சப்படாம பழகட்டும்னு, ஆரம்பத்துல கேமராவில் ஃபிலிமே போடாம 'கிளிக்' பண்ணிக்கிட்டிருந்தார்னு சொல்லுவாங்க. நமக்கு 23 நாள் லீவு கிடைக்காது. ஆனா முதல் ஒரு மணி நேரம் போனைப் பாக்கெட்டிலேயே வெச்சிருக்கலாமே.

கோவில்பட்டி கடலை மிட்டாயை எடுத்துக்கோங்க. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஐட்டம். கடை போர்டை ஒரு படம் எடுத்துட்டு வந்தா அது கதை இல்லை. மிட்டாய் போடுற இடம் மொத்தமா தெரியுற ஒரு வைட். கொதிக்கிற வெல்லப்பாகுல கடலை விழுற அந்த நொடி. பாகு பதம் பார்க்கிற விரல், க்ளோஸ்-அப்ல. வேலை செய்யுறவர் கேமராவைப் பார்க்கிற ஒரு முகம். ரெண்டு பேர் பேசிக்கிட்டே துண்டு போடுறது. கடைசியா, பஸ்ஸுல ஜன்னலோரம் ஒரு குழந்தை கையில பாக்கெட். வைட், மீடியம், க்ளோஸ்-அப், முகம், உறவு, முடிவுன்னு மாறி மாறி வர்றதைக் கவனிச்சீங்களா? எல்லாத்தையும் நின்ன இடத்துல நின்னு எடுக்க முடியாது. நடக்கணும், குனியணும், காத்திருக்கணும்.

அதையே பாஞ்சாலங்குறிச்சியில செஞ்சு பாருங்க. 1974 நினைவுக் கோட்டை, உள்ளே சுவர்ல கட்டபொம்மன் வாழ்க்கையைச் சொல்ற ஓவியங்கள், பழைய கோட்டையோட மண் தடம், வீரசக்கதேவி கோயில், பக்கத்திலேயே அந்தப் போரில் செத்த ஆங்கிலேயச் சிப்பாய்களோட கல்லறைகள். இந்த அஞ்சையும் எந்த வரிசையில வைக்கிறீங்களோ அதுதான் உங்க கதை. கல்லறையில ஆரம்பிச்சா ஒரு கதை, கோயில் விளக்குல ஆரம்பிச்சா வேற கதை. ஒண்ணு கவனிச்சீங்களா, கட்டபொம்மன் முகம் மட்டும் எங்கேயும் கிடைக்காது. அவர் இறந்து கிட்டத்தட்ட கால் நூற்றாண்டுக்கு அப்புறம்தான், 1826-27 வாக்குல, இன்னிக்கு வரைக்கும் மிஞ்சியிருக்கிற முதல் கேமரா படத்தையே பிரான்ஸில் நியெப்ஸ் எடுத்தார். நம்ம மனசுல இருக்கிற கட்டபொம்மன் முகம், 1959 படத்துல வந்த சிவாஜி கணேசனோட முகம். சினிமா தந்த முகம், அரசு கட்டின கோட்டை, நிஜமான மண். இதைவிட நல்ல கதை உங்களுக்கு எந்த ஹில் ஸ்டேஷன்ல கிடைக்கும்?

பன்னிரண்டு கேமரா, ஒரு பாட்டி

குரூப் வொர்க்‌ஷாப்போட பெரிய பிரச்னை, குரூப்தான். களை எடுத்துக்கிட்டிருக்கிற ஒரு பாட்டியைச் சுத்தி பன்னிரண்டு பேர் லென்ஸை நீட்டினா அது படப்பிடிப்பு இல்லை, முற்றுகை. குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போனவங்களுக்குத் தெரியும். காளி வேஷம் போட்டு விரதம் இருக்கிற பக்தர் ஒருத்தர் நடந்து வர்றதுக்கே வழி இல்லாத அளவுக்குச் சில இடங்கள்ல கேமரா கூட்டம் நிற்கும். அதனால ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு போங்க. எடுத்த படங்களும் ஒரே மாதிரி இருக்காது.

அனுமதி கேட்கிறதுக்குப் பெரிய வசனம் எதுவும் வேண்டாம். "அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா?", "அக்கா, எங்கே போடப்போறேன்னு சொல்லிடறேன், சரின்னா எடுக்கிறேன்." வேண்டாம்னு சொன்னா ஒரு சிரிப்பு, ஒரு நன்றி, அவ்வளவுதான். குழந்தைகளை எடுக்க அப்பா அம்மாகிட்ட கேட்டே ஆகணும். தீப்பெட்டி ஆலை, பட்டாசு ஆலை பக்கம் போனா முதலாளிகிட்டயும், வேலை செய்யுற அக்காக்கள்கிட்டயும் தனித்தனியா கேளுங்க. பாதுகாப்புக் காரணத்துக்காக போனை வெளியிலேயே வைக்கச் சொன்னா வெச்சிடுங்க. முதலாளி 'சரி'ன்னா அது தொழிலாளியோட 'சரி' ஆகிடாது.

மதுரையைச் சேர்ந்த எம்.பழனிக்குமாரைப் பற்றி இந்த இடத்துல சொல்லியாகணும். மலம் அள்ளும் தொழிலாளர்கள் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர், 'பாரி' இணையதளத்தின் புகைப்படக்காரர். மீன் விற்கிற தன்னோட அம்மாவின் உழைப்பையே படக்கதையா பதிவு செஞ்சவர். அவர் நடத்துற பயிற்சிகள்ல விஷயமே தலைகீழ். வெளியூர்க்காரங்களைக் கூட்டிட்டு வந்து உள்ளூர் மக்களைப் படம் எடுக்க வைக்கிறதில்லை. மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுக்கிறார். வடசென்னை இளைஞர்கள் தங்கள் ஏரியாவை எடுத்த படங்கள் 2023-ல் சென்னையில் கண்காட்சியா வெச்சாங்க. நீங்க ஒரு ஊருக்கு வெளியாளா போறீங்கன்னா, அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தர் கையில அரை மணி நேரம் உங்க போனைக் கொடுத்துப் பாருங்க. நீங்க எடுக்காத படம் அதுல இருக்கும்.

காசு கட்டுறதுக்கு முன்னாடி

அழைப்பிதழ்ல மென்ட்டாரோட ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்காதீங்க. தினமும் ரிவ்யூ நேரம் இருக்கான்னு கேளுங்க. உங்க 300 படத்துல 293-ஐத் தூக்கிப் போட்டு, மிச்ச ஏழு ஏன்னு விளக்கிச் சொல்ற அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் ஃபீஸ். அது இல்லைன்னா நீங்க கட்டுறது வேன் வாடகை. ஒரு மென்ட்டாருக்கு எத்தனை பேர்னு கேளுங்க. ஊர்க்காரங்களை காசு கொடுத்து மாடு ஓட்டவெச்சு, புகை போட்டுவெச்சு 'செட்டப்' பண்ணுவாங்களான்னும் கேளுங்க. பண்றதா இருந்தா அதைக் கேப்ஷன்ல சொல்லணும்.

கேப்ஷன் அவ்வளவு பெரிய விஷயமான்னு நினைக்கலாம். 2015-ல் 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' போட்டியில் ஓர் இத்தாலியப் புகைப்படக்காரரின் படத்தொடருக்கு முதல் பரிசு கிடைச்சது. பெல்ஜியத்தின் ஷார்லருவா நகரத்தைப் பற்றியதுன்னு கொடுத்திருந்தார். அதுல ஒரு படம் மட்டும் பிரஸ்ஸல்ஸ் பக்கம் எடுத்ததுன்னு தெரியவந்ததும், பரிசைத் திரும்பப் பெற்றுட்டாங்க.

அதனால ஒரு சின்ன நோட்டு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, என்னைக்கு, என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்கன்னு நாலு வரி. பேரு கேட்டு, எழுத்துப்பிழை இல்லாம எழுதுங்க. பேரு போட வேண்டாம்னு சொன்னா அதையும் எழுதுங்க. வாட்ஸ்அப் இருக்கிறவங்களுக்கு அன்னைக்கே படத்தை அனுப்பிடுங்க. அது இல்லாத பெரியவங்களுக்கு, கோவில்பட்டியில ரயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டுடியோவில் மேக்ஸி சைஸ் பிரின்ட் போட்டு, பின்னாடி பேரும் ஊரும் எழுதி, அந்த ஊர் டீக்கடைக்குத் தபால்ல அனுப்பினா போதும். போய்ச் சேர்ந்துடும்.